முதல் வாரத்தில் யார் குடியேறுகிறார்கள்

அது எட்டு நாள் கன்று. வாய்க்குள் விரலை விட்டால் கவ்விப் பிடித்துச் சப்ப வேண்டிய வயது. இதுவோ விரல் உள்ளே போனதையே கண்டுகொள்ளவில்லை. நாக்கு சில்லிட்டிருந்தது. கண்கள் உள்வாங்கி, விழிக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். எழும்பிய மடிப்பு அப்படியே நின்று, ஐந்தாறு நொடி கழித்துத்தான் மெல்லப் படிந்தது. வாலிலும் பின்னங்கால்களிலும் மஞ்சள் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது.

நான் மருந்து அலமாரிக்கு ஓடினேன். இருட்டிலும் ஆன்டிபயாட்டிக் புட்டியைத் தேடி எடுத்துவிடுவேன், அவ்வளவு பழக்கம். கொட்டகைப் பொறுப்பில் அப்போது ஓர் அக்கா இருந்தார். எத்தனையோ வருடங்களாகக் கன்று வளர்த்தவர். "தம்பி, அது அப்புறம். இதுக்கு இப்ப வேணுங்கிறது தண்ணி. முதல்ல டாக்டருக்குப் போன் போடு" என்றார். மருத்துவர் வந்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். உடம்பில் ஏறியிருந்த அமிலத்தைத் தணிக்க அதில் பைகார்பனேட்டும் சேர்த்தார். சாணத்தைக் கொஞ்சம் கரைத்துச் சோதனைப் பட்டையில் விட்டார். ரோட்டா வைரஸுக்கான கோடு பளிச்சென்று தெரிந்தது. "வைரஸுக்கு நீங்க அந்தப் புட்டியையே காலி பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். சாயங்காலம் கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த நாள் எழுந்து நின்றது. ஆன்டிபயாட்டிக் ஒரு சொட்டுகூட அதன் உடம்பில் ஏறவில்லை.

அன்று இரவு பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். கழிச்சல் என்று எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஆன்டிபயாட்டிக் என்றும் எழுதியிருந்தேன். கன்றின் வயதைப் பார்த்தாலே கொஞ்சம் ஊகித்திருக்கலாம். பிறந்த முதல் நாலைந்து நாட்களில் வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு வகை காரணம். குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள அதற்குத் தேவையான பிடிமானங்கள், கன்று வளர வளர மறைந்துவிடும். அந்த நாட்களைத் தாண்டினால் ரோட்டா, கொரோனா வைரஸ்களும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும்தான் அதிகம் வருகின்றன. நம் அலமாரியில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களைக் கொல்கின்றன. பல வருடங்களாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

பாக்டீரியாக்களைத் தீவனத்திலோ பாலிலோ கலந்து கொடுக்கும் பொடிகளைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது இப்படித்தான். புரோபயாட்டிக் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். 'ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்று' என்று பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இத்தனை வருடம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன், அந்த 'மாற்று' என்ற சொல்தான் முதலில் நம்மைத் தப்பான வழியில் அனுப்புகிறது. விஷயம் புரிய, பிறந்த குட்டியின் குடலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறக்கும்போது குடல் ஏறக்குறைய காலி வீடு. தாயின் பிறப்புவழி, காம்பு, நக்கும் நாக்கு, படுக்கும் வைக்கோல், சாணம் என்று தொட்ட இடத்திலிருந்தெல்லாம் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் உள்ளே வந்துவிடுகின்றன. அப்போது குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். அதனால் முதலில் பெருகுவது, ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ. கோலை, என்டிரோகாக்கஸ் போன்றவை. இவை ஆக்சிஜனைத் தின்று தீர்த்த பிறகுதான் ஆக்சிஜன் ஆகாத பெருங்கூட்டம் வந்து நிலைக்கிறது. வளர்ந்த விலங்கின் குடலில் பெரும்பான்மை அந்தக் கூட்டம்தான். முதலில் வந்த ஈ. கோலை சாதுவானதா, விஷம் சுரக்கும் வகையா என்பதுதான் அந்த முதல் சில நாட்களின் பெரிய கேள்வி. நல்ல வசதி கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காலையில் ஆயிரமாக இருந்தது மாலைக்குள் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குடலில் குடியிருப்பவர்கள் வெளியாட்களை எவ்வளவு தூரம் தடுக்கிறார்கள் என்பதை 1954-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சாதாரண எலிகளில் பாதிக்கு சால்மோனெல்லா தொற்ற வேண்டுமென்றால் சுமார் ஒரு லட்சம் கிருமிகளை வாய்வழியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஒரே ஒரு தடவை கொடுத்த எலிகளுக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன. ஒரு லட்சம் எங்கே, பத்து எங்கே! இந்த வரியைப் படித்தபோது என் நோட்டுப் புத்தகத்துப் பழைய பக்கங்கள்தான் கண்முன் வந்தன. ரோட்டாவுக்கு நான் கொடுத்த ஆன்டிபயாட்டிக், அடுத்து வந்த கிருமிக்கு எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டதோ.

இது ஏன் என்பதற்கு விடை வெகுகாலம் கழித்துக் கிடைத்தது. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய உணவு பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலம். ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அதைத் தயாரிக்கின்றன. செல்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் குடலுக்குள் அது கசிவதில்லை. ஆன்டிபயாட்டிக் அந்தத் தயாரிப்பாளர்களைக் கொன்றுவிட்டால் செல்கள் பட்டினி கிடந்து வேறு வழிக்கு மாறுகின்றன. செலவாகாத ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தெரிந்த சால்மோனெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் அது விருந்து. நல்ல பாக்டீரியா வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். வீட்டின் காற்றையே அது மாற்றி வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கோழிக்குஞ்சின் கதை இதைவிடத் தெளிவானது. கன்றும் பன்றிக்குட்டியும் எப்படியோ தாயின் மேல் பட்டுத்தான் பிறக்கின்றன. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கழுவி நுண்ணுயிர் நீக்கிய பெட்டியில் 21-ஆம் நாள் ஓட்டை உடைத்து வெளியே வரும். தாய்க்கோழியை அது பார்ப்பதே இல்லை. தாயோடு வளரும் குஞ்சு எச்சத்தைக் கொத்திக் கிளறும்போதே ஒரு முழுக் கூட்டத்தை வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும். பொரிப்பகக் குஞ்சோ பண்ணைத் தரையில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் சேர்க்க முடியும்.

1970-களின் தொடக்கத்தில் பின்லாந்துக் கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியது. அங்கே நுர்மி, ரன்டாலா என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். நன்கு வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடலில் இருப்பதை எடுத்து, அன்று பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தக் குஞ்சுகளில் அது எளிதில் நிலைக்கவில்லை. 1973-ல் இது வெளியானது. போட்டி போட்டு வெளியே தள்ளுதல் என்ற கருத்து கால்நடைத் துறையில் வேர் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கோழியின் குடலிலிருந்து எடுத்த முழுக் கலவை காட்டிய பாதுகாப்பை, அதிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றிரண்டு பாக்டீரியாக்கள் காட்டவில்லை. சரி, முழுக் கலவையையே விற்கலாமே என்றால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒன்றுக்கு அனுமதி வாங்குவது லேசான காரியமா? கலவையோடு வேறொரு நோயும் போய்ச் சேர்ந்தால்? அதனால் சந்தைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு தெரிந்த பாக்டீரியாக்கள் மட்டுமே கொண்டவை. காட்டுக்குப் பதிலாக ஒரு தொட்டிச் செடியைக் கொடுக்கிறோம். அந்தச் செடியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

பொட்டலத்துக்குள் இருப்பவை பொதுவாக இரண்டு குடும்பங்கள். ஒன்று, லாக்டிக் அமிலம் உண்டாக்குபவை. லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், என்டிரோகாக்கஸ் எல்லாம் இதில் அடக்கம். பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய பேரினத்தை 2020-ல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பொட்டலங்களில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்து வருகின்றன, பயப்பட வேண்டாம். இவை சுரக்கும் அமிலம் குடலின் புளிப்பைக் கூட்டுகிறது, ஈ. கோலைக்கு அது பிடிப்பதில்லை. சில வகைகள் பாக்டீரியோசின் என்ற சிறு புரதங்களைச் சுரந்து பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்கின்றன. இவை விடும் லாக்டிக் அமிலத்தை வேறு சில பாக்டீரியாக்கள் எடுத்து, மேலே சொன்ன அதே பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. ஒருவர் மிச்சம் வைத்த சோறு இன்னொருவருக்குச் சமையல் சாமான்.

இரண்டாவது குடும்பம் பேசில்லஸ். இவை வித்து நிலையில், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலையில் பொட்டலத்துக்குள் இருக்கும். குருணைத் தீவனம் தயாரிக்கும்போது நீராவியில் 70 முதல் 90 டிகிரி வரை சூடேறும். லாக்டோபேசில்லஸ் அதில் செத்துப்போகும், பேசில்லஸ் வித்து பிழைக்கும். இரைப்பை அமிலத்தையும் தாண்டி, குடலுக்குப் போய்த்தான் கண் விழிக்கும். ஆனால் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வரும், வேலை பார்க்கும், போய்விடும். அதனால் தினமும் கொடுத்தாக வேண்டும். போகிற போக்கில் அது என்ன வேலை செய்ய முடியும் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. 2018-ல் வந்த ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் தீர்த்தது. தாய்லாந்துக் கிராமத்து மக்களின் குடலை ஆராய்ந்தபோது, பேசில்லஸ் இருந்தவர்களிடம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி இல்லவே இல்லை. பேசில்லஸ் சுரக்கும் ஃபெஞ்சைசின் என்ற பொருள், அந்தக் கிருமிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேதிச் சைகையைத் தடுத்துவிடுகிறது. எலிகளிலும் அதையே பார்த்தார்கள். கிருமியைக் கொல்லாமலே அதன் பேச்சை வெட்டிவிடுகிறது. எவ்வளவு நுட்பமான வேலை!

இனி நான் செய்த பிழை. முதல் முறை வாங்கிய பொடி லாக்டோபேசில்லஸ் வகை. கன்றுகளுக்குக் கொடுக்கும் பால்பவுடர் கட்டி தட்டாமல் கரைய வேண்டும் என்று தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அதிலேயே இந்தப் பொடியையும் கொட்டிக் கலக்கினேன். பிறகு ஆறவைத்து 39 டிகிரியில் கொடுத்தேன். மூன்று வாரம் இப்படிக் கொடுத்துவிட்டு 'இதனால் ஒரு பயனும் இல்லை' என்று நோட்டில் எழுதினேன். நுண்ணுயிரியல் படித்த ஒரு நண்பர் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மூன்று வாரமாகக் கொடுத்தது பாக்டீரியாவின் பிணங்களை. ஒரு கன்றுக்குக் கழிச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் தொடங்கியபோதும் இதே பொடியை அதே வேளையில் பாலில் கலந்துகொண்டுதான் இருந்தேன். பெரும்பாலான வகைகளை அந்த மருந்தே கொன்றுவிடும் என்ற யோசனை எனக்கு வரவில்லை.

அந்த நண்பரின் ஆய்வகத்துக்கு ஒரு நாள் மூன்று பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கிராம் பொடியைக் கிருமி நீக்கிய உப்புத் தண்ணீரில் கரைத்து, அதில் பத்தில் ஒரு பங்கை அடுத்த குழாய்க்கு மாற்றி, அதிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்தார். ஆறாவது படியிலிருந்து பத்தில் ஒரு மில்லிலிட்டரை அகார் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தார். பொட்டலத்தில் கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருந்தது. உயிரோடு இருக்கும் ஒவ்வொன்றும் தட்டில் ஒரு புள்ளியாக வளரும். பொட்டலம் சொன்னது உண்மையென்றால் அந்தத் தட்டில் ஏறக்குறைய நூறு புள்ளிகள் முளைக்க வேண்டும்.

முதல் தட்டில் நான்கு. பால் நிறத்தில், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, நான்கே நான்கு. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவது படித் தட்டில் முப்பத்தெட்டு இருந்தது, ஆக கணக்கு பிசகவில்லை. காலாவதித் தேதிக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்த பொட்டலம் அது. தயாரித்தபோதே குறைவா, வழியில் வெயிலில் கிடந்ததா, என் அலமாரியின் ஈரத்தில் செத்ததா என்பது தட்டில் தெரியாது. இரண்டாவது பொட்டலம் அறுபது சொச்சம் காட்டியது. மூன்றாவது பேசில்லஸ் வித்து. அதன் தட்டில் சுருங்கிய காகிதம் போன்ற விளிம்போடு வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அதன் பிறகு லாக்டோபேசில்லஸ் பொட்டலங்களைக் குளிர்பெட்டியில்தான் வைக்கிறேன். பிரித்ததைச் சில வாரங்களில் முடித்துவிடுவேன். வாளியில் பால் 40 டிகிரிக்கு இறங்கியதை வெப்பமானியில் பார்த்த பிறகுதான் கரண்டி பொடிக்குள் போகும். பாலில் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பால் இரைப்பை அமிலத்தைக் கொஞ்ச நேரம் தணித்து வைப்பதால் கூடுதல் பாக்டீரியாக்கள் உயிரோடு குடலைப் போய்ச் சேரும்.

ஆன்டிபயாட்டிக் தீவனத்துக்குள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் வைட்டமின் பி12 தேடிக் கோழிக்குஞ்சுகளோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் சேர்த்தபோது, வைட்டமினுக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் குஞ்சுகள் அதிகமாக வளர்ந்தன. சக்கையில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணம். 1951-லேயே மருந்துச் சீட்டு இல்லாமல் தீவனத்தில் சேர்க்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தீவனத்தில் இப்படிக் கலந்தால் மருந்துக்கு அடங்காத, அதாவது எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாக்கள் பெருகும் என்று 1969-ல் பிரிட்டனின் ஸ்வான் குழு எச்சரித்தது. 1986-ல் சுவீடன் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்குகளைத் தடை செய்தது. 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. 2017-ல் அமெரிக்கா மனித மருத்துவத்துக்கு முக்கியமானவற்றை மட்டும் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தியது. கடைசிப் புகலிடமாக மருத்துவர்கள் வைத்திருந்த கொலிஸ்டினுக்கு எதிர்ப்பைப் பரப்பும் மரபணுவைச் சீனாவில் கண்டறிந்ததாக 2015-ல் செய்தி வந்தது. அதைத் தேடிப் பிடித்ததும் பண்ணை விலங்குகளிலிருந்துதான். எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாக்களால் நேரடியாக 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பழியில் பண்ணைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அந்த எண்ணைப் படித்த பிறகு என்னால் அலமாரியைப் பழைய மாதிரி திறக்க முடியவில்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. முற்றிலும் நுண்ணுயிர் இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் கூடுதல் வளர்ச்சி தரவில்லை. சுத்தமான புதுக் கொட்டகைகளிலும் அதன் பலன் குறைவாகவே இருந்தது. அழுக்கும் நெரிசலும் கூடக்கூடத்தான் பலனும் கூடியது. அப்படியென்றால் இத்தனை வருடம் தீவனத்தில் கரைந்துபோன அந்த மருந்தெல்லாம் நாம் கழுவாத தரைக்கும், மாற்றாத படுக்கைக்கும் கட்டிய வட்டி.

அந்த வட்டியை இனிப் பொடியில் கட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. பன்றிக்குட்டிகளில் இது நன்றாகத் தெரிந்தது. காட்டில் இருந்தால் பன்றிக்குட்டி மூன்று மாதம், அதற்கு மேலும்கூடத் தாய்ப்பால் குடித்து மெதுவாக மறக்கும். பண்ணையில் மூன்று அல்லது நான்கு வாரத்தில் பிரித்துவிடுகிறார்கள். ஒரே நாளில் தாய் இல்லை, பால் இல்லை, பழகிய கூட்டாளிகள் இல்லை, புது இடம், புதுத் தீவனம். பல குட்டிகள் முதல் நாள் வாயே வைக்காது. அந்தப் பட்டினியில், குடல் சுவரில் விரல் விரலாக நீட்டி நின்று சத்தை உறிஞ்சும் இழைகள் சில நாட்களுக்குள் குட்டையாகிவிடுகின்றன. அப்புறம் பசி தாங்காமல் ஒரே மூச்சில் தின்னும். பால் குடித்தவரை, பாலின் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் நொதிக்கவைத்து இரைப்பையைப் புளிப்பாக வைத்திருந்தது. குட்டியின் சொந்த அமிலச் சுரப்பு இன்னும் போதாது. செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போய் அழுக, ஈ. கோலைக்குக் கொண்டாட்டம். இத்தனைக்கும் நடுவே குட்டிக்கு ஒரு சிட்டிகை பாக்டீரியாவைக் கொடுத்துவிட்டுக் காப்பாற்று என்றால் அது என்ன செய்யும்?

டென்மார்க்கில் பால் மறக்கவைத்த குட்டிகளுக்கான வளர்ச்சி ஆன்டிபயாட்டிக்குகளை 2000-க்குள் நிறுத்தியபோது, கழிச்சல் கூடி, சிகிச்சைக்கான ஆன்டிபயாட்டிக் பயன்பாடும் சில காலம் ஏறியது. பல நாடுகளில் அந்த இடைவெளியை நிரப்பியது துத்தநாக ஆக்சைடு. முதல் இரண்டு வாரம் கிலோ தீவனத்துக்கு இரண்டரை கிராம் வரை கொடுத்தார்கள். கழிச்சல் அடங்கியது. ஆனால் துத்தநாகம் சாணத்தோடு போய் மண்ணில் சேர்ந்தது. துத்தநாகத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களோடு மருந்தைத் தாங்கும் மரபணுக்களும் கூடவே பெருகின. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் நிறுத்தியது. இப்போது பலன் தருபவை கூட்டு வழிகள். தாமதமாகப் பிரிப்பது, தீவனத்தில் புரதத்தைக் குறைத்து எளிதில் செரிப்பதாகக் கொடுப்பது, பிரிப்பதற்கு முன்பே திடத் தீவனத்தைப் பழக்குவது. பாக்டீரியா இந்தக் கூட்டத்தில் ஒருவர். அதை ஈனும் முன்பே தாய்ப்பன்றியின் தீவனத்தில் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த வழி. தாயின் சாணத்தில் வரும் பேசில்லஸ் வித்துக்களைக் குட்டிகள் தாமாகவே முகர்ந்து நக்கி எடுத்துக்கொள்ளும்.

கன்றுகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது சீம்பால். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. அவ்வளவும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே ரத்தத்துக்குள் விடும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடுகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, முடிந்தவரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சீம்பாலின் தரத்தைச் சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மானியிலேயே பார்த்துவிடலாம், 22-க்கு மேல் காட்டினால் நல்லது. சீம்பால் தவறிய கன்றுக்கு எந்தப் பொடியும் ஈடில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி "சரி, எந்தப் பொடி நல்லது?" என்றுதான் வருகிறது.

கொட்டகைக்குள் நடக்கும் இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட முடியவில்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்ட பசுவின் பாலை விற்க முடியாது. கொட்ட மனம் வராமல் அதைக் கன்றுகளுக்கு ஊற்றுகிறார்கள். சின்னச் சின்ன அளவில் தினமும் மருந்து கலந்த பால். எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவை வளர்க்க இதைவிடப் பொருத்தமான முறையை யாராலும் வகுக்க முடியாது. காலையில் அந்தப் பாலையும் மாலையில் புரோபயாட்டிக்கையும் ஒரே கன்றுக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பதைக்கிறது.

பொடிக்குள் இருக்கும் பாக்டீரியாவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதில்லை. அது தன்னிடமே எதிர்ப்பு மரபணுவை வைத்துக்கொண்டு பக்கத்து பாக்டீரியாவுக்குக் கடத்தினால் என்ன ஆகும்? என்டிரோகாக்கஸ் விஷயத்தில் இந்தக் கவலை எப்போதும் உண்டு. மருத்துவமனைகளில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் தொல்லை தரும் கிருமியின் உறவு அது. தீவனச் சேர்க்கையாகப் பல காலம் பயன்பட்ட பேசில்லஸ் சீரியஸ் டோயோய் என்ற வகைக்குக் கொடுத்திருந்த அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் நிறுத்திவைத்தது. எதிர்ப்பு மரபணுக்களும் நச்சு உண்டாக்கும் திறனும் பற்றிய கவலைதான் காரணம். அதனால் பொட்டலத்தில் 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. இனத்தின் பெயருக்குப் பின்னால் அந்த வகையின் எண் இருக்க வேண்டும். ஒரே இனத்துக்குள் வகைக்கு வகை குணம் மாறும். 1917-ல் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு போர்வீரரின் குடலிலிருந்து எடுத்த ஈ. கோலை இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது. கன்றைக் கொல்வதும் ஈ. கோலைதான்.

பலன் உண்டா என்று நேராகக் கேட்பவர்களுக்கு என் பதில் இது. பிறந்த முதல் வாரத்திலும், இடம் மாற்றும்போதும், ஆன்டிபயாட்டிக் முடிந்த மறுநாளிலிருந்தும், பால் மறக்கவைக்கும் வேளையிலும் கொடுத்தால் பலன் பார்க்கிறேன். கழிச்சல் வரும் கன்றுகள் குறைகின்றன, வந்தாலும் சீக்கிரம் தெளிகின்றன. வெளியான சோதனைகளில் சில நல்ல பலன் காட்டுகின்றன, சில ஒன்றுமே காட்டுவதில்லை. எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாள், உயிரோடு போனதா, கொட்டகை எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றும் மாறும்போது முடிவும் மாறாமல் என்ன செய்யும்? ஏற்கெனவே சுத்தமாகவும் நன்றாகவும் இருக்கும் இடத்தில் காட்ட வேண்டிய வித்தியாசமும் சின்னதுதான்.

ஆனால் ஒன்று. கன்றுக்குக் காய்ச்சல் ஏறி, சாணத்தில் ரத்தம் வந்து, தொப்புள் வீங்கிச் சுடும்போது பொடியைத் தேடாதீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்தான் அதன் உயிர். அந்த வேளையில் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே மற்ற நாட்களில் அதைத் தொடாமல் வைத்திருக்கிறோம். ஆன்டிபயாட்டிக்கே கூடாது என்று வைராக்கியமாக இருந்து ஒரு கன்றை இழந்தவரை எனக்குத் தெரியும். அவரோடு அந்தக் கொட்டிலில் நின்றிருக்கிறேன்.

இப்போது எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பலகை தொங்குகிறது. சீம்பால் எத்தனை மணிக்கு, எத்தனை லிட்டர், பிரிக்ஸ் எவ்வளவு. பொடி கொடுத்தபோது பாலின் சூடு. கீழே தினம் ஒரு வரி. இதை எழுத உட்காரும் முன் கடைசிக் கொட்டிலில் இருந்த கன்றின் வாய்க்குள் விரலை விட்டேன். நறுக்கென்று கவ்வியது, பல் பதிந்துவிட்டது. சாக்பீஸை மற்றக் கையால் எடுத்து எழுதினேன்: நாள் 8. நாக்கு சூடு. சாணம் கெட்டி. பால் முழுதும் குடித்தது.